பரணிலிருந்து இறங்கிய பலுகு

கார்த்திகை மாதம் களத்தில் ராகியைத் தூற்றி, மூட்டை பிடித்து, எடை போட்டு முடித்தபோது மொத்தம் 388 கிலோ வந்தது. அறுபது சென்ட் மானாவாரி நிலம். இதே நிலத்தில் முந்தின வருஷம் 212 கிலோதான் எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கும் மழை ஒன்றல்ல, இந்த முறை எருவுக்காக ஆட்டுக்கிடையும் (இரவில் ஆடுகளை நிலத்தில் அடைத்து வைப்பது) போட்டிருந்தோம். அதனால் கூடுதலாக வந்தது முழுவதையும் ஒரே விஷயத்தின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனாலும் களையெடுப்புக் கூலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது எதனால் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் பல வருஷம் கிடந்த பலுகு என்ற மரக்கருவியால். அதைச் சரிசெய்தது, தப்பாகச் சரிசெய்தது, மறுபடி சரிசெய்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஊர் பாலக்கோடு வட்டம், மாரண்டஹள்ளிக்கும் பஞ்சப்பள்ளிக்கும் இடையே. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சனி இரவு ஊருக்கு வந்து திங்கள் விடியற்காலை திரும்பிவிடுவேன். கீழ் நிலத்தில் அப்பா காலத்திலிருந்து தக்காளி. 2004-05இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் துல்லியப் பண்ணையத் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு எங்கள் பக்கம் சொட்டுநீர்க் குழாய் பரவியது. அப்பாவும் போட்டார். தக்காளி நல்ல காசு கொடுத்த வருஷங்கள் உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கை முழுக்கக் கீழ் நிலத்துக்கே போனதால் மேட்டு நிலம் அறுபது சென்ட் கொள்ளு விதைப்பதோடு நின்றுவிட்டது. சரளை கலந்த செம்மண், கிணற்றுத் தண்ணீர் ஏறாது.

2023இல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். அம்மா அதை அரைத்துக் களி கிண்டிவிட்டு, "நம்ம மேட்டுல வெளஞ்சது நாம கடையில வாங்கறோம்" என்று ஒரு நாள் சொன்னார். அங்கிருந்துதான் தொடங்கியது.

முதல் வருஷம்

2024 ஆடிப்பெருக்குக்கு மறுநாள் விதைத்தேன். விதை எங்கள் தெருவில் இருக்கும் ஆயா வீட்டிலிருந்து. எனக்கு உறவில்லை, ஆனால் தெருவே அவரை ஆயா என்றுதான் கூப்பிடும். எழுபது வயதைத் தாண்டியவர். கதிர் நுனி உள்பக்கம் மடங்கிய, அடர்சிவப்பு மணி. மூன்றரைக் கிலோ விதையை ஐந்து சட்டி மணலோடு கலந்து அவரே வீசி விதைத்தார். போகும்போது, "இருபது நாளு கழிச்சி பலுகு ஓட்டிடு கண்ணு" என்றார்.

பலுகு என்றால் தெரியாதவர்களுக்கு: ஒரு நீளமான மரக்கட்டையில் சீப்புப் போல மரப்பற்கள் வரிசையாக இறங்கியிருக்கும். மாடு பூட்டி இழுத்தால் மேல்மண்ணைக் கீறிக்கொண்டு போகும். உழுத நிலத்தில் ஓட்டுவது எனக்குப் புரிந்தது. முளைத்து ஒரு சாண் வளர்ந்த பயிர்மேல், மாட்டின் குளம்போடு சேர்த்து ஓட்டுவது எனக்குப் புரியவில்லை. பச்சையாக நிற்கும் பயிரைப் பார்க்கும்போது மனம் வரவில்லை. ஓட்டவில்லை.

பயிர் நெருக்கமாக வளர்ந்தது. அதோடு காட்டு ராகியும் வளர்ந்தது. இளம் பருவத்தில் அதுவும் ராகியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். களையெடுக்க வந்த அக்காக்கள் ஒவ்வொரு தூராக விரித்துப் பார்த்துப் பிடுங்க வேண்டியிருந்தது. முதல் களைக்கு 11 ஆள், இரண்டாம் களைக்கு 8 ஆள், ஆளுக்கு 300 ரூபாய், மொத்தம் 5,700. அவ்வளவு செய்தும் கதிர் கட்டைவிரல் நீளத்துக்கு மேல் வரவில்லை. பெரும்பாலான செடியில் ஒரே ஒரு கதிர்.

நவம்பர் கடைசியில் அறுத்துப் போர் வைத்தோம். டிராக்டர் கிடைக்கவில்லை என்று தாம்படிக்க (கதிரிலிருந்து மணியைப் பிரிக்க) ஒரு வாரம் தள்ளினேன். டிசம்பர் முதல் இரண்டு நாளில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழைதான். எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை, ஆனால் விடாமல் பெய்தது. போரின் அடிப்பக்கம் நனைந்து முளைவிட்டது, முப்பது கிலோவாவது போயிருக்கும். ஆயா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தையில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர், "உங்க தாத்தா பலுகு எங்கடா இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

பல்லும் துளையும்

பரணில் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. இறக்கித் துடைத்து அளந்தேன். கட்டை வேம்பு, நாலரை அடி நீளம், ஐந்து அங்குல அகலம், மூன்றரை அங்குலக் கனம். பத்துப் பல், ஒன்றுக்கொன்று ஐந்து அங்குல இடைவெளி. பல் ஒவ்வொன்றும் பதினொரு அங்குலம்: மேலே அரை அங்குலம் துருத்திக்கொண்டு, மூன்றரை அங்குலம் கட்டைக்குள், கீழே ஏழு அங்குலம். வேம்பில் ஒரு இடத்தில்கூடப் பூச்சி அரிக்கவில்லை. பற்களில் நான்கு முறிந்திருந்தன. இரண்டு மூங்கில் கழிகளில் ஒன்று வெடித்திருந்தது. மேழி, அதாவது கைப்பிடி, நன்றாக இருந்தது.

முதல் தப்பு முனையில். மீதி ஆறு பல்லின் முனையும் கட்டைவிரல் போல மழுங்கி இருந்தது. இத்தனை வருஷம் ஓட்டித் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, இரண்டு பல்லை அரம் போட்டுக் கூராக்கினேன். அது தேய்மானம் இல்லை, செய்யும்போதே அப்படித்தான் செய்வார்கள் என்று பின்னால் தெரிந்தது.

இரண்டாவது தப்பு மரத்தில். ஆனி மாதம் வரப்போரக் கருவேல மரத்தில் ஒரு கிளையை வெட்டி, அன்றே நான்கு பல் செதுக்கினேன். பச்சை மரம் உளிக்கு வெண்ணெய் மாதிரி இழைந்தது, மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. உடைந்த பல்லின் அடித்துண்டுகள் கட்டைக்குள் சிக்கியிருந்தன. துளையிடும் கருவியில் நடுவில் ஓட்டை போட்டு, அரை அங்குல உளியால் நான்கு பக்கமும் தட்டி எடுத்தேன். புதுப் பல்லை மரச்சுத்தியால் இறக்கியபோது இறுக்கமாக உட்கார்ந்தது, எனக்குத் திருப்தி. மூன்று வாரம் கழித்துப் பலுகைத் தூக்கினால் ஒரு பல் தானாகக் கீழே விழுந்தது. காய்ந்து சுருங்கிவிட்டது. மற்ற மூன்றும் ஆடின. ஆப்பு வைத்து இறுக்கப் பார்த்தேன், ஒரு பல் நீளவாக்கில் பிளந்தது.

அப்போது ஆடி பிறந்துவிட்டது. அவசரத்தில் மூன்றாவது தப்பு. பட்டறையில் பதினாறு மில்லிமீட்டர் இரும்புக் கம்பியைப் பன்னிரண்டு அங்குலமாக அறுத்து, முனையைக் கூராக அடித்து, நான்கு பல் வாங்கினேன். ஒன்று 160, மொத்தம் 640 ரூபாய். பழைய பல்லைவிட ஒரு அங்குலம் நீளம். ஒரு அங்குலத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டேன்.

இதற்கிடையில் வைகாசியிலேயே மூன்று இரவு ஆட்டுக்கிடை போட்டிருந்தோம், 1,500 ரூபாய். ஜூலை 27, ஆடி 11, ஞாயிற்றுக்கிழமை விதைப்பு. முந்தின இரண்டு நாளும் மழை பெய்திருந்தது. இந்த முறை ராகியோடு ஊடுசாலும் போட்டோம். இடைவெளி விட்டு நாட்டுக் கலப்பையால் ஒரு சால் பிடித்து, அதில் மொச்சை, துவரை, நடுநடுவே ஆமணக்கு, கொஞ்சம் கடுகு. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் இதை அக்கடி சால் என்பார்கள். எங்கள் தாத்தா காலத்தில் இது இல்லாமல் ராகியே விதைத்ததில்லையாம். சாலுக்குச் சால் எட்டு அடி என்று நானே முடிவு செய்து, டேப் பிடித்து, குச்சி நட்டு, நேராகப் போட்டேன். பார்க்க மிக அழகாக இருந்தது. இதுதான் நான்காவது தப்பு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

ஆகஸ்ட் 17, இருபத்தோராம் நாள். எனக்கு விடுமுறை ஞாயிறுதான், அதனால் அன்றைக்கே பார்த்துவிடலாம் என்று நானும் சித்தப்பா பையனும் பலுகை எடுத்துக்கொண்டு போனோம். மாடு கூப்பிடும் முன் நாங்களே கயிறு கட்டி ஒரு ஓரத்தில் நாற்பது அடி இழுத்துப் பார்க்கலாம் என்று யோசனை. நான்கு மூங்கில் குச்சியை இரண்டடிக்கு இரண்டடி சட்டமாகக் கட்டி, அதைப் பயிர்மேல் வைத்து எண்ணினேன்: 74 செடி. இழுத்தோம். மண் மேலே பொறுக்குக் கட்டியிருந்ததால் பலுகு வழுக்கிக்கொண்டே போனது. ஒரு பெரிய கல்லைத் தூக்கி மேலே வைத்தோம். இப்போது இறங்கியது. இரும்புப் பல் பொறுக்கைப் பாளம் பாளமாகப் பெயர்த்தது, பாளத்தோடு பயிரும் வந்தது. அதே சட்டத்தை வைத்து எண்ணினால் 19 செடி நின்றது. மீதி வேர் மேலே தெரியக் கிடந்தன.

ஆயா வரப்பில் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கிடந்த செடி ஒன்றை எடுத்து வேரைத் திருப்பிக் காட்டினார். "பலுகு புடுங்கக் கூடாது கண்ணு, அசைக்கணும். இது புடுங்கியிருக்குது." பிறகு இரும்புப் பல்லைத் தொட்டுப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கடைசியாகக் குனிந்து மண்ணைச் சுரண்டினார். அன்றைக்கு அவர் அரை மணி நேரம் நின்று சொன்னதை முந்தின வருஷமே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். "இருபது நாளு கழிச்சி பலுகு ஓட்டு" என்று அவர் சொன்ன ஒரு வரிக்குள் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

அவர் சொன்னது இது. நாள் கணக்கு உத்தேசம்தான், செடி ஒரு சாண் வந்து வேர் ஊன்றியிருக்க வேண்டும். மண் பதமாக இருக்க வேண்டும்: விரல் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் மூன்று நான்காக உடைய வேண்டும். உருண்டையாகவே கிடந்தால் ஈரம் அதிகம், பல்லில் அப்பும். உருட்டவே வரவில்லை என்றால் மண் காய்ந்துவிட்டது, பாளம் பெயரும். காலையில் ஓட்டவே கூடாது. காலையில் தண்டு விறைத்து நிற்கும், பல் பட்டால் ஒடியும். உச்சி சாய்ந்து, வெயிலில் இலை கொஞ்சம் துவண்டிருக்கும்போது ஓட்டினால் வளைந்து கொடுத்து நிமிரும். பல் மரமாக இருக்க வேண்டும், முனை மொண்ணையாக இருக்க வேண்டும். கல் வைக்கக் கூடாது. அழுத்தம் மேழி பிடிக்கிறவன் கையில் இருக்க வேண்டும்.

காய்ந்த மரத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். "வண்டி முளைக்குச்சி இருக்குதே" என்றார். கொட்டகைக்குப் பின்னால் தாத்தாவின் கட்டை வண்டி சக்கரம் இல்லாமல் கிடக்கிறது. அதன் ஓரத்தில் செருகியிருக்கும் முளைக்குச்சிகள் வேல மரம், முப்பது வருஷத்துக்கு மேல் காய்ந்தவை. இரண்டை எடுத்து அறுத்தால் நான்கு பல். பச்சை மரத்தில் மூன்று மணி நேரம் பிடித்த வேலை இதில் இரவு பதினொன்றரை வரை இழுத்தது. உளி இரண்டு முறை மழுங்கியது, கடைசியில் பாதி வேலை அரத்தில்தான் செய்தேன். பழைய பல்லோடு வைத்து வைத்துப் பார்த்து ஒரே நீளத்துக்கு இறக்கினேன். நான் கூராக்கிய இரண்டையும் மறுபடி மழுக்கினேன். ஏழு அங்குலம் இருந்த அந்த இரண்டும் ஆறரைக்கு வந்துவிட்டன. அவற்றைத் துளையில் சற்றுக் கீழே தட்டி இறக்கி மட்டம் பார்த்தேன். வெடித்த மூங்கிலுக்குப் பதில் புது மூங்கில் 180, கயிறு 90.

புதன்கிழமை

திங்கள் இரவு மழை பெய்தது. எனக்கு அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கலாம் என்று எண்ணம். புதன் காலை ஏழரை மணிக்கு ஆயாவின் பேரன் போனில் கூப்பிட்டு, "ஆயா இன்னிக்கு மத்தியானம்னு சொல்லுது, நாளைக்கு விட்டா காய்ஞ்சிடுமாம்" என்றான். ஷிப்டில் கேட்டு விடுப்பு எடுத்துக்கொண்டு ராயக்கோட்டை வழியாக வந்து சேர்ந்தேன். ஒரு மணிக்கு மண்ணை உருட்டிப் போட்டேன், நான்காக உடைந்தது.

மாடு பக்கத்து ஊர் மாமாவுடையது. ஆலம்பாடி மாடுகள். காவிரிக் கரை ஆலம்பாடியின் பெயரைக் கொண்ட, எங்கள் மாவட்டத்தின் சொந்த இனம். இந்தச் சுற்று வட்டாரத்தில் உழவுக்குப் பழகிய ஜோடி இப்போது இது ஒன்றுதான் என்பதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அரை நாள் கூலி 1,200 ரூபாய். பயிரை மேயாமலிருக்க இரண்டுக்கும் வாய்க்கூடு கட்டினார். மூன்றே முக்காலுக்குத் தொடங்கினோம். இலையை விரலில் சுற்றினால் ஒடியாமல் சுற்றியது.

மாமா ஒரு கையில் மேழியைப் பிடித்துக்கொண்டு, அடர்ந்த இடத்தில் லேசாக அழுத்தி, பயிர் கம்மியாக இருந்த இடத்தில் தூக்கிக்கொடுத்தபடி போனார். பல் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. நான் பின்னாலேயே அளந்துகொண்டு நடந்தேன். ஓட்டிய தடத்திலேயே திரும்ப ஒரு முறை. ஆறு மணிக்கு முடிந்தது.

எட்டடிச் சாலின் தப்பு அங்கேதான் தெரிந்தது. பலுகு நாலரை அடி. ஒரு இடைவெளியில் போக ஒரு தடம், வர ஒரு தடம், மொத்தம் ஒன்பது அடி வேண்டும். நான் விட்டது எட்டு. இரண்டாம் தடம் ஓட்டும்போது ஓரப் பற்கள் மொச்சை மேலேயே ஏறின. மாமா முடிந்தவரை ஒருக்களித்துப் பிடித்தும் பதினான்கு சாலில் ஐந்து சால் அடிபட்டது. ஆயாவிடம் கேட்டபோது, "ரெண்டு பலுகு அகலம், அதுக்கு மேல ஒரு மொழம்" என்றார். அதாவது பத்தரை அடி. பலுகை வைத்துத்தான் சால் அளப்பார்களாம். டேப்பில் அளந்த நான் பலுகைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நிலத்தைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. எல்லாச் செடியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி மண்ணுக்குள், இலை கிழிந்து கிடந்தது. தெருவில் இரண்டு பேர் அம்மாவிடம் வந்து, "பையன் பயிரை மெறிச்சிப் போட்டுட்டானே" என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா அன்றிரவு என்னிடம் பேசவில்லை. சட்டத்தை வைத்து எண்ணினேன்: 41 செடி இருந்தது. ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன், வேர் பிடித்தபடியே இருந்தது. அந்த ஒரு தைரியத்தில் ஓசூர் திரும்பினேன்.

நான்காம் நாள் பேரன் போட்டோ அனுப்பினான், பெரிய மாற்றம் இல்லை. ஆகஸ்ட் 31 ஞாயிறு நான் போனபோது, பதினோராம் நாள், நிலம் முழுக்க நிமிர்ந்திருந்தது. செடியின் அடிக்கணுவில் மண் ஏறியிருந்த இடத்தில் புது வேர் வெள்ளையாக இறங்கியிருந்தது, பக்கத் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் புதுத் தண்டு) வெடித்திருந்தது. மேலோட்டமாக வேர் விட்டிருந்த சின்னக் களைகள் வெயிலில் காய்ந்து கருகிக் கிடந்தன. ராகிக்கு வேர் ஊன்றியிருந்தது, அவற்றுக்கு இல்லை. வரிசையாகப் போய் இருபது செடியில் தூர் எண்ணினேன், பெரும்பாலும் மூன்று, நான்கு. முந்தின வருஷம் எண்ணி வைக்கவில்லை, ஆனால் ஒற்றைக் கதிரைப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு தூரைக் கையில் விரித்துப் பார்த்துவிட்டு, "எங்க அப்பா வூட்லயும் இப்பிடித்தான் ஓட்டுவாங்க, நான் சின்னப் பொண்ணு, மறந்துட்டேன்" என்றார்.

இரும்புப் பல் ஓடிய அந்த நாற்பதடி மட்டும் சொட்டையாகவே இருந்தது. ஒரு தூறல் நாளில் நெருக்கமான இடத்திலிருந்து நாற்று பிடுங்கி அங்கே நட்டோம். பிழைத்தது, ஆனால் பத்து நாள் பின்தங்கியே வந்தது.

செப்டம்பர் முதல் வாரம் ஒரே ஒரு களை. ஒன்பது ஆள், இந்த முறை கூலி 350, மொத்தம் 3,150. களையோடு சேர்த்து நெருக்கத்தையும் கலைத்தார்கள், சட்டத்துக்கு 24 செடி நின்றது. களையெடுத்த அக்கா ஒருவர், "போன வருஷம் குத்தவெச்சி குத்தவெச்சி இடுப்பு போச்சு, இந்த வருஷம் நடந்துக்கினே எடுத்தோம்" என்றார். எனக்கு 388 கிலோவைவிட இது பெரிதாகப் பட்டது.

கணக்கு

நவம்பர் 22, 23 இரண்டு நாளில் அறுத்தோம். இந்த முறை போரைத் தார்ப்பாய் போட்டு மூடி, ஒரு வாரத்துக்குள் தாம்படித்துவிட்டேன். டிராக்டர் உழவு 2,200, கிடை 1,500, மாடு 1,200, களை 3,150, அறுப்பு எட்டு ஆள் 2,800, தாம்பு 700, பலுகுக்கு மூங்கிலும் கயிறும் 270, வீணாகப் போன இரும்பு 640. கூட்டினால் 12,460. ராகிக்கு மத்திய அரசு 2025-26க்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அந்த விலையில் 388 கிலோவின் மதிப்பு 18,900க்குச் சற்று மேல். முந்தின வருஷம் 11,200 செலவு செய்து, அப்போதைய 4,290 விலையில் 9,100 ரூபாய் மதிப்புள்ள ராகி எடுத்தேன், கைநட்டம். என் உழைப்பு, விடுப்பு எடுத்த நாள் சம்பளம் இரண்டிலும் சேர்க்கவில்லை. சேர்த்தால் மிச்சம் சிறிதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. மூன்று மூட்டை வீட்டுக்கு வைத்துக்கொண்டோம். தாள் மாட்டுக்கு.

ஊடுசாலில் மொச்சை தையில்தான் முடிந்தது. பனி இறங்கிய பிறகே பூத்துக் குலுங்கும் ரகம். அடிபட்ட ஐந்து சால் போக 31 கிலோ. ஆமணக்கு 9 கிலோ, கடுகு இரண்டரைக் கிலோ, துவரை வீட்டுக்குழம்புக்கு ஆயிற்று. மொச்சையில் விதைக்கு ஐந்து கிலோ ஒதுக்கி, ஆயா காட்டியபடி செம்மண்ணைச் சலித்துக் குழம்பாகக் கரைத்து, விதையைப் போட்டுப் புரட்டி, நான்கு நாள் வெயிலில் காயவைத்தோம். மண் தோல் போலப் பிடித்துக்கொண்டால் வண்டு முட்டை வைக்க இடம் கிடைக்காது. குழம்பு இட்லி மாவுப் பதத்தைவிட நீர்த்திருக்கக் கூடாது. என் முதல் கரைசல் நீர்த்துப்போய், காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது, மறுபடி பூசினேன்.

அடுத்த முறை மாற்றப்போவது: சால் பத்தரை அடி. நிலத்தின் இரண்டு முனையிலும் மாடு திரும்ப ஏழெட்டு அடியில் ஊடுசால் போடாமல் ராகி மட்டும் விதைக்க வேண்டும், திரும்பும் இடத்தில்தான் மொச்சை அதிகம் மிதிபட்டது. விதை மூன்று கிலோ போதும் என்று நான் நினைக்கிறேன், ஆயா ஒப்புக்கொள்ளவில்லை. பலுகு ஓட்டினால் கொஞ்சம் போகும், அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு என்கிறார். கால் பங்கு நிலத்தில் மட்டும் குறைத்துப் பார்க்கச் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் வந்து அடுத்த ஆடிக்குப் பலுகு கேட்டார்கள். மாடு ஒரு ஜோடிதான், பதமான நாள் ஒன்றோ இரண்டோதான், ஐந்து வீட்டு நிலத்துக்கும் ஒரே நாளில் ஓட்ட முடியாது. இதற்கும் ஆயாவிடம் பழைய வழி இருந்தது. சரளை மேடு முதலில் காயும், எங்கள் நிலமும் அடுத்த நிலமும் மழை விட்ட மறுநாளே பதத்துக்கு வந்துவிடும். ஏரிக்கரைப் பக்கம் களி கலந்த மண், அதற்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும். அதனால் மேட்டில் முதலில் விதைத்து, நான்கைந்து நாள் விட்டு மத்தியில், கடைசியாகக் கரையோரம். அப்படி விதைத்தால் ஒரே ஜோடி மாடு மேலிருந்து கீழாக ஓட்டிக்கொண்டே இறங்கிவிடும். அந்தக் காலத்தில் மாட்டுக்காரருக்குக் கூலி காசாக இல்லையாம், களத்தில் ஒரு வள்ளம் (பழைய முகத்தல் அளவு) ராகி. மாமாவிடம் கேட்டோம். கூலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு மீதியை ராகியாக வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஐந்து வீட்டுப் பெயரும், மண்ணும், விதைக்கும் நாளும் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறோம். ஆயாவின் பேரன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், நோட்டு அவனிடம். ஆயா அவனை ஒவ்வொரு நிலத்துக்கும் கூட்டிக்கொண்டு போய், மழை பெய்த மறுநாள் ஒரு பிடி, அதற்கு மறுநாள் ஒரு பிடி என்று உருட்டிப் போடச் சொல்லி, அது எப்படி உடைந்தது என்று எழுத வைக்கிறார்.

இரண்டாவது பலுகு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். கட்டைக்கு வீட்டுப் பின்புறம் நான்கு வருஷத்துக்கு முன் விழுந்த வேம்பு இருக்கிறது. பல்லுக்குக் கருவேலம் தையிலேயே வெட்டி, பட்டை உரித்து, தடியாகவே கொட்டகைக் கூரையில் நிழலில் போட்டிருக்கிறேன், இந்த முறை செதுக்காமல். பன்னிரண்டு தடி. போன வாரம் ஆயா வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். இரண்டை எடுத்து அடுப்புப் பக்கம் போட்டார், கணு இருக்கிறதாம். மீதிப் பத்தையும் ஆனி மாதம் மறுபடி தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உளியைத் தொடச் சொல்லியிருக்கிறார்.